கோட்டுக்கு வெளியே ஒரு வசனம்

2016 ஜூன் 17இல் 'த டாவோ' எண்ட கூட்டு முதலீட்டு நிதியிலிருந்து ஏறத்தாழ 36 லட்சம் ஈதர் வெளியில போனது. பாஸ்வேர்ட் ஒண்டும் களவு போகேல்ல. அந்த நிதியே எதீரியத்தில் தானாக ஓடுகிற ஒரு புரோகிராம், அதாவது ஸ்மார்ட் கொன்ட்ராக்ட். அது முதலில் காசை அனுப்பிப்போட்டு, பிறகுதான் கணக்கில் கழிச்சது. காசு வாங்குகிற பக்கமும் ஒரு புரோகிராம்தானே! கழிக்கமுதல் அது திரும்பவும் "தா" எண்டு கேட்க, இது திரும்பவும் குடுத்தது.

நாங்கள் செய்கிற டெஸ்ட் எங்களுக்குத் தோன்றின சந்தர்ப்பங்களை மட்டும்தான் பார்க்கும். முறைசார் சரிபார்ப்பு, கோட்டைக் கணித மாதிரியாக்கி, எந்த வழியால போனாலும் ஒரு விதி உடையாது எண்டு நிறுவுகிறது. ஆனால் அனுப்புறதை வெறும் கழித்தலாக மாதிரியில் எழுதினால் நிறுவல் வடிவாக முடியும். ஓட்டை அப்படியே இருக்கும். வாங்குகிறவர் குறுக்கால வந்து திரும்பக் கேட்கலாம் எண்டதும் மாதிரிக்குள்ள வேணும்.

என்னை உறுத்துறது வேற. நிறுவ இரண்டு எழுத்து வேணும்: கோட், அது என்ன செய்யவேணும் எண்டு சொல்லுகிற விதி. "ஆரும் தன்ர பங்கைவிடக் கூட எடுக்க ஏலாது" எண்ட ஒரு வசனம் போதும். டாவோவின் நிபந்தனைகளோ, விளக்கமும் கோட்டும் முரண்பட்டால் கோட்தான் செல்லும் எண்டன. அப்படியெண்டால் எடுத்தவர் எதை மீறினார்?

ஆனாலும் ஜூலை 20இல் சங்கிலியையே பிரிச்சுக் காசைத் திருப்பிக் குடுத்தார்கள். அதை ஏற்காத ஆக்கள் பழைய சங்கிலியை எதீரியம் கிளாசிக் எண்டு இண்டைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கினம்.