அப்பாவின் உலையும் அயோடின் குழாயும்

எங்கள் வீடு ஆவடியில். வீட்டின் முன்புறமே அப்பாவின் கொல்லுப்பட்டறை. உலையிலிருந்து உளியை எடுத்தால், அதன் நிறம் பார்த்தே தண்ணீரில் தோய்ப்பார். வெப்பமானி அவருக்கு அந்த இரு கண்கள்தாம். நான் எம்.எஸ்ஸி. முதலாண்டில் காலடி வைத்த சமயம், அக்கண்களில் புரை படர்ந்தது. அறுவை வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். "இது என்ன நிறம், பாருப்பா" என்று என்னைக் கேட்கலானார். அடுத்து வரும் என நான் அஞ்சியதும் ஒருநாள் வந்தது: "படிச்சது போதும், பட்டறைக்கு வந்துடு."

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வாய்த்த சோதனை அயோடின் ஆவியின் நிறமாலை. கண்ணாடிக் குழாயைச் சற்றே சூடாக்கினால் ஊதா ஆவி நிறையும். அதனூடே வெள்ளொளியைச் செலுத்தி நிறமாலைமானியில் நோக்கினேன். சிவப்பு முதல் பச்சை வரை கருங்கோடுகள், ஏணிப்படிகளைப் போல!

அயோடின் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் சுருள்வில்லால் பிணைத்தவை போல் அதிர்கின்றன. ஆனால் நினைத்தபடியெல்லாம் அதிர இயலாது; அவற்றுக்கெனக் குறித்த ஆற்றல் படிகள் உண்டு. எலக்ட்ரான் ஒளியை விழுங்கி மேல்நிலைக்குத் தாவும்போது அதிர்வுப் படியும் மாறுகிறது. அதன் சுவடே அக்கோடுகள். 1928-இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் மூலக்கூறின் அதிர்வைச் சிதறிய ஒளியில் கண்டார்கள். அயோடினிலோ விழுங்கப்பட்ட ஒளியே அதைக் காட்டிவிடுகிறது.

கீழ்நிலையில் படிகளின் இடைவெளி, அலையெண் கணக்கில், செ.மீ.க்கு ஏறத்தாழ 214. மேல்நிலையில் 125தான். எலக்ட்ரான் தாவியதும் பிணைப்புத் தளர்ந்துவிடுகிறது! மேலே ஏற ஏறப் படிகள் இன்னும் நெருங்கி, 5,000 ஆங்ஸ்ட்ராம் அருகே ஒன்றாய்க் கலக்கின்றன. அதற்கப்பால் படியே இல்லை; மூலக்கூறு இரண்டாகப் பிரிகிறது. (அங்கே கோடுகளைப் பிரித்தறிவது கடினம். என் கணக்கேட்டில் பல கோடுகள் விடுபட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

அன்று மாலை ஓர் அட்டையில் கரித்துண்டால் அந்த ஏணியைப் பெரிதாக வரைந்து அப்பாவிடம் காட்டினேன். முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

"நம்ம உலை வெளிச்சத்துல கோடு இல்லையே?"

"இரும்பில் அணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்குதுப்பா. எல்லா நிறமும் விடாமல் சேர்ந்தே வரும். ஆவியில் மூலக்கூறுகள் தனித்தனி."

நெடுநேரம் அட்டையை விரலால் தடவியிருந்தார்.

"கம்பியை வளைச்சுக்கிட்டே இருந்தா முதல்ல தளரும், அப்புறம் படக்குன்னு ஒடியும். அந்த மாதிரியா?"

ஏறத்தாழ அப்படித்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வகுப்புகள் பிடித்தன!

பட்டறைப் பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் கேட்டார்:

"எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு எந்த டிரெயின்ல போகணும்?"