டோக்கியோவில் ஒரு படித்துறை

நெல்லை அறுத்து மூட்டை கட்டி முடிச்ச கையோட, 2025 மார்ச்சில் பத்து நாள் ஜப்பான் போயிட்டு வந்தேன். அழகப்பா கல்லூரியில் என்கூடப் படிச்ச ரெண்டு பேர் அங்க இருக்காங்க. ஒருத்தனுக்கு டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலை, இன்னொருத்தன் கியோட்டோவில் ஆராய்ச்சி. பல வருஷமா கூப்பிட்டாங்க. "மாட்டை யாரு பாப்பா?"ன்னு நானும் தட்டிக் கழிச்சுக்கிட்டே இருந்தேன். இந்தத் தடவை தம்பி பாத்துக்கிறேன்னு சொல்லிட்டான்.

ஊருக்குத் திரும்பினதும் எல்லாரும் புல்லட் ரயிலைப் பத்தித்தான் கேட்டாங்க. அதிலயும் போனேன். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ரெண்டே கால் மணி நேரம்தான். ஆனா மனசுல நிக்கிறது என்னமோ அங்க போய்க் குளிச்ச குளியல்தான். சிரிக்காதீங்க.

டோக்கியோ நண்பன் இருக்கிறது நிஷி கசாய்ங்கிற பகுதி. நம்ம ஊர் ஆளுங்க நிறைய இருக்காங்க. இட்லி மாவு கூடக் கிடைக்குது. சனிக்கிழமை சாயங்காலம், "மாப்ள, துண்டை எடு, குளிக்கப் போவோம்"னான். வீட்டுலயே வெந்நீர்த் தொட்டியோட நல்ல குளியலறை இருக்கு. அப்புறம் எதுக்கு வெளியே? "வா, சொல்றேன்"னு கூட்டிக்கிட்டுப் போனான்.

அந்தப் பொதுக் குளியல் வீட்டுக்கு 'சென்தோ'ன்னு பேரு. வாசல்ல செருப்பை ஒரு சின்னப் பெட்டியில வச்சுப் பூட்டணும், சாவியே ஒரு மரக்கட்டைதான். டோக்கியோ முழுக்க எங்க போனாலும் ஒரே கட்டணம், 2025 மார்ச்சில் 550 யென். நம்ம காசுக்கு முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. கடைக்காரர் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. 1946-ல் போட்ட விலைக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி இன்னைக்கும் அந்தந்த மாகாண அரசுதான் உச்ச வரம்பு வைக்குது. குளிக்கிறது அரிசி பருப்பு மாதிரி அத்தியாவசியம்னு அப்பவே முடிவு பண்ணியிருக்காங்க.

ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. உள்ளே போனா ஒட்டுத் துணி கூடாது. நமக்குக் கோவணத்தோட பம்புசெட்டில் குளிச்சுத்தான் பழக்கம், கை தானா துண்டைத் தேடுது. நண்பன் சொன்னான், "இங்க யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க மாப்ள. துண்டைக் கட்டிக்கிட்டு இறங்குனாத்தான் எல்லாரும் பாப்பாங்க."

நேராப் போய்த் தொட்டியில இறங்கிடக் கூடாது. முக்காலி மாதிரி ஒரு குட்டை இருக்கையில உக்காந்து, சோப்புப் போட்டு, தலையிலிருந்து கால் வரைக்கும் தேய்ச்சு, நுரை ஒரு பொட்டு இல்லாம அலசணும். அதுக்கப்புறம்தான் தொட்டி. அழுக்கு போறது வெளியே, அலுப்பு போறது உள்ளே. கையில இருந்த சின்னத் துண்டு தண்ணியில படக் கூடாதுன்னு மடிச்சுத் தலையில வச்சுக்கிறாங்க. தண்ணி 42 டிகிரி சூடு. காலை வச்சதும் சுர்ருங்குது, கழுத்து வரைக்கும் இறங்கிட்டா எழுந்திருக்க மனசு வரலை. நாத்து நட்ட இடுப்பு வலியெல்லாம் கரைஞ்சு போச்சு. எதிர்ச் சுவர் முழுக்க ஃபுஜி மலை ஓவியம். 1912-ல் டோக்கியோ கந்தா பகுதியில ஒரு குளியல் வீட்டுல ஆரம்பிச்ச வழக்கமாம்.

நமக்கும் இந்த ஒழுங்கு புதுசில்லை. குடிக்கிற ஊருணியில கால் வைக்க மாட்டோம். சேந்திக் குடத்துல ஊத்திக்கிறதோட சரி. குளிக்க வேற ஊருணி, மாடு குளிப்பாட்டக் கண்மாய். பொதுத் தண்ணின்னா இறங்குறவன்தான் சுத்தமா இருக்கணும். எங்க அப்பத்தாவுக்கு இதை யாரும் பலகையில எழுதிக் காட்டலை.

தொட்டியில எங்களுக்குப் பக்கத்துல எண்பது வயசு இருக்கும் ஒரு தாத்தா. நண்பனைப் பார்த்து என்னமோ அதட்டினார். என்னடான்னு கேட்டேன். "போன சனிக்கிழமை ஏன் வரலை, உடம்பு சரியில்லையான்னு கேக்குறார்"னான். அப்புறம் மெதுவாச் சொன்னான். "பன்னெண்டு வருஷமா இருக்கேன் மாப்ள. ஆபீஸ்ல யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதுக்குத்தான் இங்க வர்றேன்."

அதுக்கப்புறம் எனக்கு ஃபுஜி மலை கண்ணுல படலை. நம்ம படித்துறைதான் கண்ணுல நின்னுச்சு. "ரெண்டு நாளா செல்லாயியைக் காணோமே, போய்ப் பாருங்கடி"ன்னு துணி துவைச்சுக்கிட்டே சொல்ற குரல். போன வருஷம் எங்க தெருவுல ஒரு ஆயா வீட்டுக்குள்ள வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. பிள்ளைகள் வெளிநாட்டுல. மறுநாள் காலையில பால்காரர் கூப்பிட்டுப் பார்த்துத்தான் விஷயம் தெரிஞ்சது. குழாய் வீட்டுக்குள்ள வந்தது நல்லதுதான். குடம் சுமந்து சுமந்து பொம்பளைங்க இடுப்பு தேஞ்சது போதும். ஆனா 'ஆளைக் காணோமே'ன்னு சொல்ற இடமும் அதோட போயிருச்சு.

கியோட்டோவில் நண்பன் 'ஃபுனாஒகா ஒன்சென்'னு ஒரு பழைய குளியல் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். 1923-லிருந்து இருக்கு, இப்ப அரசாங்கம் பதிஞ்ச பண்பாட்டுச் சின்னம். சுவரெல்லாம் பூ பூவாப் புடைச்ச பளபளப்பு ஓடு. பார்த்ததும் அசந்துட்டேன். நம்ம செட்டிநாட்டு வீடுகள்ல சுவருக்குப் பதிச்சிருக்கிற அதே ஜாதி ஜப்பான் ஓடு! நூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்தது. இங்க பெரிய வீட்டை இடிச்சாப் பேத்தெடுத்து, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில விலைக்கு வச்சிருக்கோம். அங்க அதைத் தடவிக்கிட்டே தினமும் குளிக்கப் போறாங்க.

அங்கயும் எல்லாம் செழிப்பா இல்லை. 1968 வாக்குல நாடு முழுக்க ஏறத்தாழ 18,000 சென்தோ இருந்துச்சாம். இப்ப 2,000-க்கும் கீழே. வீட்டுக்கு வீடு குளியலறை வந்துருச்சு, எரிபொருள் விலை ஏறிருச்சு, நடத்துறவங்களுக்கு வயசாயிருச்சு. நம்ம ஊருணி செத்த கதைதான்.

இன்னொண்ணையும் சொல்லணும். நம்ம படித்துறை எல்லாருக்கும் ஒண்ணா இருந்ததில்லை. யார் எந்தத் துறையில இறங்கலாம்னு சாதி பார்த்துப் பிரிச்சு வச்ச ஊர் எத்தனையோ. ஜப்பான்லயும் பச்சை குத்தினவங்களை உள்ளே விடாத வெந்நீர் ஊற்று விடுதிகள் உண்டு. அதனால பழசை அப்படியே திரும்பக் கொண்டு வரணும்னு நான் சொல்லலை. நல்லதை மட்டும் எடுத்துக்கலாம், யாரையும் வெளியே நிறுத்தாம.

எங்க பக்கத்து ஊருணி இப்பச் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கு. வரத்துக்கால்ல பிளாஸ்டிக் அடைச்சிருக்கு. மழை பெஞ்சாலும் தண்ணி உள்ளே போக வழியில்லை. நாலு பேரோட பேசிட்டேன். ஐப்பசி மழைக்கு முன்னாடி வரத்துக்காலைத் துப்புரவு பண்ணிட்டு, கரையில வேப்பமரத்தடியில ரெண்டு கல் பலகை போடப் போறோம். குளிக்கத்தான் எல்லாரும் வரணும்னு இல்லை. சாயங்காலம் வந்து உக்காந்தாலே போதும்.

வர்ற சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறோம். எந்தத் தெருக்காரங்களா இருந்தாலும் மண்வெட்டி, கூடையோட வாங்க. டீ என் செலவு. வராதவங்க வீட்டுக் கதவை மத்தியானம் நானே வந்து தட்டுவேன், உடம்புக்கு என்னன்னு கேட்க.