சிக்கனில் சிக்குமா தங்கம்?

அலாஸ்காவில் ஓர் ஊருக்குப் பெயர் சிக்கன். கதை விடவில்லை ஸார், மேப்பில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே தங்கம் தேடி வந்தவர்கள் பசிக்கு டார்மிகன் என்கிற பறவையை அடித்துத் தின்றிருக்கிறார்கள். பார்ப்பதற்கு நம்ம கௌதாரிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். ஊருக்கு அந்தப் பறவையின் பெயரையே வைக்கலாம் என்று முடிவாயிற்று. ஆனால் ஆங்கிலத்தில் அதை எழுதும்போது முன்னால் ஒரு 'பி' வரும். வாயைத் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும். எழுத்துக்கூட்ட முடியாமல் திண்டாடி, 'எதுக்குய்யா வம்பு, சிக்கன்னே வெச்சிடு' என்று விட்டுவிட்டார்களாம். உள்ளூரில் இன்றைக்கும் சொல்கிற கதை இது. 2010-ம் வருஷ கணக்கெடுப்பில் ஊரின் ஜனத்தொகை ஏழு. நம்ம பக்கம் ஒரு ஷேர் ஆட்டோவில் இதைவிட ஜாஸ்தி பேர் போகிறோம்.

பெயர்தான் சிக்கன். சிக்கனத்துக்கும் அந்த ஊருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பி.காம். படித்தவன் என்ற முறையில் அதைக் கணக்கோடு பின்னால் சொல்கிறேன்.

தங்கச்சியைப் பார்க்க ஆங்கரேஜ் போயிருந்தேன், 2025 ஜூலையில். அங்கிருந்து என்னைத் தங்க வேட்டைக்கு இழுத்துப் போனவர் மாப்பிள்ளை. "கிளேசியர்ல என்ன மச்சான் இருக்கு? ஐஸ் நம்ம ஊரு ஃபிரிட்ஜ்லயே இருக்கு. வாங்க, தங்கம் தோண்டலாம்" என்றார். தங்கச்சி தடுத்துப் பார்த்தாள். மாப்பிள்ளை கேட்கிற ரகம் இல்லை. சுமார் நானூறு மைல். டோக் என்ற ஊரில் ராத்தங்கி, மறுநாள் டெட்லின் ஜங்ஷனில் திரும்பி, டெய்லர் ஹைவேயில் 66 மைல். குளிர்காலத்தில் அந்த ரோட்டை மூடிவிடுவார்கள். கோடையிலும் மூடியிருக்கலாம் என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். நடுவில் கைப்பிடிச் சுவர் மாதிரி ஒரு மரியாதைகூட இல்லை.

நாங்கள் போனது காசு கொடுத்துத் தோண்டுகிற முகாம். அமெரிக்காவில் 1872-ல் போட்ட சுரங்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரசாங்க நிலத்தில், ஆற்று மண்ணில் தங்கம் கண்டுபிடித்தவர், நாலு மூலையிலும் கம்பு நட்டு, ஒரு ஆளுக்கு 20 ஏக்கர் வரை தோண்டும் உரிமை வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் இன்னொருத்தன் நுழைந்து ஒரு பொடி தங்கம் எடுத்தாலும் திருட்டு. ஆகவே உரிமைக்காரருக்கு நாள் வாடகை கொடுத்துவிட்டுத் தோண்ட வேண்டும். முகாம் ஆபீஸில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கரடி கடித்தால் பொறுப்பில்லை. பள்ளத்தில் விழுந்தால் பொறுப்பில்லை. தங்கம் கிடைக்காவிட்டால் அதற்கும் பொறுப்பில்லை. கடைசி வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது: கண்டெடுப்பது எல்லாம் கண்டெடுத்தவருக்கே.

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பிசினஸ். 1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தபோது சாம் பிரானன் என்ற ஆசாமி சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் 'தங்கம், தங்கம்' என்று கூவிக்கொண்டே ஓடினார். ஓடுவதற்கு முன்னால் மண்வெட்டி, சட்டி இத்யாதிகளை வாங்கித் தன் கடையில் அடுக்கிவிட்டார். அவர் தோண்டவில்லை. தோண்டப் போனவர்களுக்கு விற்றார், கோடீஸ்வரரானார். 1896-ல் கிளாண்டைக்கில் தங்கம் என்றதும் லட்சம் பேர் கிளம்பினார்கள். வழியில் பென்னட் என்ற இடத்தில் 1898-ல் சாப்பாட்டுக் கடை போட்டவர்களில் ஒருவர் ஃபிரெட்ரிக் டிரம்ப். அவருடைய பேரனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, அமெரிக்க ஜனாதிபதி நாற்காலியில் இரண்டு தடவை ஜெயித்து உட்கார்ந்தவர். முகாம்காரரும் அதே பரம்பரைதான். அவருக்குத் தங்கம் எங்கள் பர்ஸிலிருந்தே வந்துவிடுகிறது. குனிய வேண்டிய அவசியமில்லை.

சரி, நூறு வருஷத்துக்கு மேல் தோண்டிய இடத்தில் இன்னும் என்ன மிச்சமிருக்கும்? இந்தப் பிரதேசத்தில் தங்கம் கண்டது 1886-ல். கிளாண்டைக்குக்கே பத்து வருஷம் மூத்தது. அதன்பின் மனிதர்கள் வாரினார்கள், அப்புறம் மிஷின் வாரியது. சிக்கனில் இப்போதும் ஒரு பழைய டிரெட்ஜர் நிற்கிறது. மூன்று மாடி வீட்டைப் படகில் ஏற்றியது மாதிரி. 1967-ல் ஓட்டத்தை நிறுத்தியது. அது வேலை செய்த விதம்தான் சுவாரஸ்யம். வரிசையாகக் கோர்த்த வாளிகள் ஆற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து ஒரு பெரிய ஓட்டை உருளைக்குள் கொட்டும். உருளை சுற்றும், தண்ணீர் பீய்ச்சும். பொடி மண்ணும் பொடித் தங்கமும் ஓட்டை வழியாகக் கீழே இறங்கித் தட்டில் தங்கும். தங்கம் அதே அளவு தண்ணீரைப்போல 19 மடங்கு கனம், ஆற்று மணலோ இரண்டரை மடங்குதான். ஆகவே தங்கம் அடியில் நிற்கும், மணல் ஓடிவிடும். ஓட்டையில் நுழையாத பெரிய கல்லெல்லாம் பின்பக்கமாக வெளியே போய்க் குவியும்.

இப்போது கேள்வி. ஓட்டையைவிடப் பெரிய தங்கக் கட்டி வந்தால்? அதுவும் கல்லோடு கல்லாக வெளியே போய்விடும்! சல்லடையில் சிக்கியதெல்லாம் பொடி. பெரிசு தப்பித்துவிட்டது. (நம்ம ஊர் போலீஸ் ரெய்டை நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.) அந்தக் கழிவுக் குவியல்களில்தான் இப்போது மெட்டல் டிடெக்டரோடு ஜனங்கள் மேய்கிறார்கள்.

டிடெக்டர் என்பது சாப்பாட்டுத் தட்டைக் கம்பில் கட்டின மாதிரி ஒரு சாதனம். தட்டுக்குள் கம்பிச் சுருள். அது மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். உள்ளே உலோகம் இருந்தால் அதில் லேசாக மின்சாரம் சுற்றி, பதிலுக்கு ஒரு காந்தப்புலம் கிளம்பும். அதைச் சுருள் பிடித்து, காதில் 'ஙொய்ங்' என்று சொல்லும். தரையை ஒட்டி, புல் அறுக்கிற மாதிரி, மெதுவாக வீசிக்கொண்டே போக வேண்டும். சிக்கல் என்னவென்றால் தங்கத்துக்கும் அதே ஙொய்ங், தகர டப்பாவுக்கும் அதே ஙொய்ங். இரும்புச் சத்துள்ள சில கற்களும் குரல் கொடுக்கும். ஐந்து டாலர் வாடகை மிஷினோ, பல ஆயிரம் டாலர் மிஷினோ, தோண்டிப் பார்க்காமல் யாராலும் சத்தியம் பண்ண முடியாது.

முதல் நாள் என் வசூல்: வளைந்த ஆணி பதினான்கு, துப்பாக்கித் தோட்டா மூன்று, சாக்லெட் சுற்றிய ஈயத்தாள், யாரோ ஒரு புண்ணியவானின் பூட்ஸ் லாடம். கொசு கணக்கில் சேரவில்லை. அலாஸ்காவின் மாநிலப் பறவை கொசு என்று டீ-ஷர்ட்டே விற்கிறார்கள். நிஜத்தில் மாநிலப் பறவை நம்ம டார்மிகன்தான், ஆனால் கொசுவைப் பார்த்த யாரும் டீ-ஷர்ட்டைத்தான் நம்புவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கும் வெளிச்சம். 'இருட்டிடுச்சு, போதும்' என்று சாக்குச் சொல்லிக் கிளம்பவும் வழியில்லை. மாப்பிள்ளை மட்டும் அலுக்காமல் வீசிக்கொண்டே இருந்தார். ஆபீஸில் இந்தச் சுறுசுறுப்பு இருந்தால் இந்நேரம் வைஸ் பிரசிடெண்ட் ஆகியிருப்பார்.

இரண்டாம் நாள் மத்தியானம், பக்கத்துக் குவியலில் இருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டு காப்பி கொடுத்தார். ரிடயரான பிளம்பர். பதினோரு வருஷமாக வருகிறாராம். முன்பெல்லாம் சம்சாரத்தோடு, நாலு வருஷமாகத் தனியாக. கிடைத்ததை எல்லாம் குழந்தை உணவு பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். குலுக்கிக் காட்டினார். விலை என்ன பெறும் என்று கேட்டேன். (பி.காம். புத்தி!) "விற்கிறதுக்கா இவ்வளவு தூரம் வருவேன்?" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. நம்ம வீடுகளில் தங்கம் என்றால் ஒன்று கழுத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அடகுக் கடையில் இருக்கும். பாட்டிலில் போட்டுக் குலுக்குகிற வழக்கமில்லை.

உங்கள் குடும்பத்தில் யாராவது தங்கம் தோண்டியிருக்கிறார்களா என்று பேச்சுக்குக் கேட்டார். ஆமாம், அம்மாவைப் பெற்ற தாத்தா என்றேன்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்க வயலுக்குப் போனவர் தாத்தா. படம் வந்தபிறகு கே.ஜி.எஃப். என்றால் எல்லாருக்கும் துப்பாக்கியும் தாடியும்தான் ஞாபகம் வருகிறது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் போன நம்ம ஜனங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கூண்டில் நின்று இறங்க வேண்டும். கீழே பாறையே சுடும். தாத்தா அதில் முப்பத்திரண்டு வருஷம். அங்கே தங்கம் கட்டியாகக் கண்ணில் படுகிற சமாசாரம் இல்லை. பாறைக்குள் பொடியாகக் கலந்திருக்கும். அரைத்து, சயனைடில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். ஒரு டன் பாறைக்குச் சில கிராம். அப்படியும் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது சோதனை. டிபன் கேரியரைத் திற, வாயைத் திற, வேட்டியை உதறு. ரிடயரானபோது தாத்தா கொண்டுவந்தது இருமல். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வருகிற இருமல், மருந்துக்கு அடங்காது. அம்மா கல்யாணத்துக்குப் போட்ட தோடு, கடையில் தவணைக்கு வாங்கியது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதைக் கேட்க தாத்தா இல்லை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இதையெல்லாம் சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூணு கிலோமீட்டரா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். பிறகு எழுந்து, மேட்டின் ஓரத்தில் ஒரு பட்டுப்போன புதரைக் காட்டி, "நாளைக்கு அங்கே பார். நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை" என்றார்.

மூன்றாம் நாள் காலை, அந்தப் புதரடியில் ஒரு ஙொய்ங். சன்னமான குரல். ஒரு சாண் தோண்டினேன். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆணியாக இருந்தால் ஒட்டியிருக்கும். மண்ணை பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, பாதியைக் கொட்டி, மீதியைத் தட்டுக்கு முன்னால் காட்டி, மறுபடி பாதியைக் கொட்டி... கடைசியில் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண். ஊதினேன். வேகவைத்த துவரம்பருப்பை நசுக்கின மாதிரி ஒன்று. மினுக்கவில்லை. மங்கலான மஞ்சள். ஆனால் அளவுக்குச் சம்பந்தமில்லாத கனம். கை நடுங்கியது என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும், ஆனால் நடுங்கியது.

மாப்பிள்ளை வந்து பார்த்தார். "மச்சான், அந்தப் பெரியவர் ராத்திரியே கொண்டுவந்து போட்டு வெச்சிருப்பாரோ?" என்று காதில் கிசுகிசுத்தார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பெரியவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ வீசிக்கொண்டிருந்தார். போய்க் கேட்கவில்லை.

முகாம் ஆபீஸ் தராசில் எடை 1.1 கிராம். இனி கணக்கு. முகாம் கட்டணம் மூன்று நாளைக்கு 300 டாலர், டிடெக்டர் வாடகை 180, தங்கிய செலவிலும் பெட்ரோலிலும் என் பங்கு 270. ஆக மொத்தம் 750. கிராமுக்குச் சுமார் 680 டாலர் விழுகிறது. அந்த வாரம் சுத்தத் தங்கம் அவுன்ஸ் 3300 டாலரை ஒட்டி இருந்தது. ஓர் அவுன்ஸ் 31.1 கிராம். அதாவது கிராம் 106. ஆறு மடங்குக்கு மேல் விலை கொடுத்து, சொந்த உழைப்பையும் போட்டு, கொசுக்கடியையும் வாங்கியிருக்கிறேன். மாப்பிள்ளையின் கணக்கு இன்னும் எளிது. ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று வகுக்கவே முடியாது. அவருக்குக் கிடைத்தது பூஜ்யம்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தாள். "இதுக்கா உன்கிட்ட காசு வாங்கினாங்க? எங்கப்பாவுக்குக் கொடுத்தாங்கடா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெளியே வரும்போது செக் பண்ணலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "வாயைக்கூடவா?" என்றாள்.

நிஜத் தங்கம்தானா என்று அவளுக்கு ஒரு நிச்சயம் வேண்டியிருந்தது. குடியாத்தத்தில் தெரிந்த ஆசாரியிடம் போனோம். உரைகல்லில் லேசாக உரசி, அமிலம் விட்டுப் பார்த்து, "இருபது காரட் இருக்கும்மா. உருக்கித் தரட்டா?" என்றார். அம்மா சட்டென்று கையை நீட்டித் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எந்தக் கடையில ஸார் வாங்கினீங்க, பில் இருக்கா?" என்றார் ஆசாரி. இருந்தது. முகாம் ரசீது, கட்டணமும் வாடகையும் சேர்த்து 480 டாலர். நம்ம பணத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம். பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாகப் படித்துப் பார்த்தார்.

"கூலி, சேதாரம் ரொம்ப ஜாஸ்தி போட்டிருக்கான் ஸார்" என்றார்.