தாய்வீட்டிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்

சமூகப் பணி படித்துவிட்டு, கொத்தடிமைகளை மீட்கும் வேலைக்கு எங்களிடம் வரும் பிள்ளைகள் பை நிறையப் படிவங்களோடு வருவார்கள். செங்கல் சூளையில் இறங்கியதும் முதல் ஆளிடமே, "நீங்க கொத்தடிமையா?" என்பார்கள். "இல்ல சார், ஓனரு நல்லவரு" என்று பதில் வரும். அதோடு அன்றைய வேலை முடிந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துச் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் நான் பார்த்த இருளர் குடும்பங்களில் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டவர் எவருமில்லை. அட்வான்ஸ் வாங்கினோம், இன்னும் கழியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பார்ப்பது, அந்த முன்பணத்துக்காக எதை இழந்தார்கள் என்பதை. வேறு வேலைக்குப் போக முடிந்ததா, நினைத்த இடத்துக்குப் போய்வர முடிந்ததா, உரிய கூலி கைக்கு வந்ததா?

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா, கல் அறுக்கும் களத்தில் குந்திக்கொண்டு, "உனக்குத் தாய்வீடு எந்த ஊரு? கடைசியா எப்பப் போன?" என்றுதான் ஆரம்பிப்பார். "ஆயா செத்ததுக்கு அவரு மட்டும் போனாரு. நானும் புள்ளைங்களும் இங்கயே இருக்கணும்னுட்டாங்க." அக்கா நோட்டை எடுக்கக்கூட மாட்டார், தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவார். குடும்பத்தைப் பிணையாக வைத்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு பதிலிலேயே வந்துவிட்டது.

ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி என்று கேட்டால், மேஸ்திரி சொல்லிக்கொடுத்த தொகைதான் வரும். போன சனிக்கிழமை கையில் என்ன கொடுத்தார்கள், அதில் என்ன வாங்கினாய் என்று கேளுங்கள். அரிசி, எண்ணெய், பிள்ளைக்கு மருந்து என்று உண்மை ஒவ்வொன்றாக வெளியே வரும். சூளைக்கு வந்த தேதியும் அப்படித்தான். பொங்கலுக்கு முன்னா, பின்னா? இந்தப் பிள்ளை அப்போது வயிற்றிலா, கையிலா?

ஒரு தம்பி நன்றாக எழுதுவான். ஒரு பெண்ணின் வாக்குமூலத்தில் "எங்கள் சுதந்திரம் மறுக்கப்பட்டு உழைப்பு சுரண்டப்பட்டது" என்று எழுதிவிட்டான். கோட்டாட்சியர் விசாரணையில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டபோது அந்தப் பெண் விழித்தார். அக்கா தம்பியைத் திட்டவில்லை. புதுத் தாளில், "சந்தைக்குப் போனாலும் மேஸ்திரி கூடவே வருவாரு" என்று அந்தப் பெண்ணின் வாயால் வந்ததையே எழுதவைத்தார். அதன்பின் எத்தனை முறை கேட்டாலும் அந்தப் பெண் தடுமாறவில்லை.

"அட்வான்ஸுக்கு ஆதாரம் எங்கே?" என்று இன்றும் விசாரணையில் உங்களைத்தான் கேட்பார்கள். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று காட்டவேண்டியது கடன் கொடுத்தவர் பொறுப்பு என்கிறது அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. நகலைப் பையில் வைத்திருங்கள். குரலை உயர்த்தாமல் நீட்டுங்கள்.

பெயர்ப் பட்டியலில் கவனம் வேண்டும். சூளை நோட்டில் புருஷன் பெண்சாதி சேர்ந்து ஒரு ஜோடி; எழுதியிருப்பது புருஷன் பெயர் மட்டும். அதைப் பார்த்தே விடுவிப்புச் சான்றிதழ் தயாரானால் மனைவி விடுபட்டுப்போவார். 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்ணுக்கும் சிறுவருக்கும் 2 லட்சம். அதனால் ஆளுக்கொரு சான்றிதழ் கேளுங்கள். கையில் வந்ததும் நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். கூரை ஒழுகும்.

அந்தப் பணத்தின் பெரும்பகுதி வழக்கில் தண்டனை ஆன பிறகே வரும். இடையில் கிடைக்கும் உடனடி உதவியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை மாதம் தாங்கும்? ரேஷன் கார்டு, பழங்குடிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் நடக்க வேண்டும். சமூக மாற்றம் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுவதை நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஓனர் வண்டிச் சத்தத்துக்கே எழுந்து நின்ற ஒருத்தி, தாலுகா ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரமாட்டேன் என்று நின்றதைப் பார்த்த பிறகு, அந்தப் பேச்சுகளில் மனம் ஒட்டவில்லை. மனுவை நாங்கள் எழுதினாலும் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களாக இருக்கட்டும் என்பது அக்கா வைத்த விதி.

இன்னொன்று. மழைக்காலத்தில் எங்கும் வேலை இருக்காது. அப்போதுதான் மேஸ்திரி அடுத்த பருவத்துக்கு அட்வான்ஸோடு குடிசை வாசலுக்கு வருவார். அவருக்கு முன்னால் நாம் அங்கே இருக்க வேண்டும். ஆகவே எங்களிடம் சேர்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் லீவு கேட்காதீர்கள்.