களைத்த காவலர்

நோய்க்கிருமி உடலிற் புகுந்தால் உறுப்பை அழிப்பது அக்கிருமியே என்பது பொதுவான எண்ணம். ஈரலழற்சி 'பி' என்னும் நோயைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தாது. இந்நோயின் வைரசு ஈரற் கலத்தினுள்ளே குடிபுகுந்து, தன் பிரதிகளை அளவின்றி ஆக்கிக் குருதியில் விடுகின்றபோதும், தான் குடியிருக்கும் கலத்தை நேரே கொல்வதில்லை. கொல்பவை உடலின் காவற்கலங்களே. கண்ணில் மஞ்சள் படர்வதும், ஆண்டுகள் பல சென்றபின் ஈரல் தழும்பேறிச் சுருங்குவதும் பெரிதும் அவற்றின் செயலால் விளைவனவாம்.

புறப்பொருள் நூலார் மதில் காத்தலை நொச்சி என்றனர். அங்கே பகைவன் மதிலுக்குப் புறத்தே நிற்பான். இங்கோ பகைவன் குடிமக்களின் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றான்; வீட்டை இடியாமல் அவனை வெளியேற்றுதல் அரிது.

இக்காவலிலே தலைமையானவை, தைமசுச் சுரப்பியில் முதிர்வதால் 'ரி' என்னும் எழுத்தாற் குறிக்கப்படும் நிணநீர்க்குழியங்கள். வளர்ந்த ஒருவரை இவ்வைரசு தொற்றுமாயின், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோரில் இக்கலங்கள் சில மாதங்களில் அதனை அடக்கிவிடுகின்றன. அடக்கும் முறையும் வியப்புக்குரியது. 1999இல் சிம்பன்சிகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, ஈரற்கலங்களின் அழிவு உச்சத்தை அடையுமுன்னரே வைரசின் பெரும்பகுதி மறைந்துவிடுவதைக் காட்டிற்று. காமா இன்ரபெரோன் போன்ற புரதங்களைச் சுரந்து, கலத்தைக் கொல்லாமலே வைரசை ஒடுக்கவும் காவலர் வல்லவர் என்பது இதனாற் புலனாயிற்று.

பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றுப் பெறும் சிசுவின் கதை வேறு. அத்தகைய சிசுக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு வரையானோரில் நோய் நாட்பட்டதாகிவிடுகின்றது. பிறந்து 24 மணித்தியாலத்துள் முதல் தடுப்பூசி இடப்படவேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனாலேயே. 2022ஆம் ஆண்டில் உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோர் இந்நாட்பட்ட தொற்றுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நாட்பட்ட தொற்றிலே காவற்கலங்கள் இல்லாமற் போவதில்லை. இருந்தும் செயலிழந்து நிற்கின்றன. வைரசு தன் மேலுறைப் புரதத்தை வெற்றுக் கூடுகளாக, முழுமையான வைரசுத் துணிக்கைகளிலும் ஆயிரம் மடங்குக்கு மேலாக, குருதியிற் கொட்டுகின்றது. (பாரூக் புளூம்பேர்க் 1960களில் அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியிற் கண்டு, 1976இல் நோபல் பரிசு பெறக் காரணமானது இப்புரதமே.) ஓயாது இதனை எதிர்கொள்ளும் 'ரி' கலம் முதலிற் பெருகும் திறனையும், பின்னர் இன்ரபெரோன் சுரக்கும் திறனையும் இழக்கின்றது. அதன் மேற்பரப்பிலே 'பீ.டி.-1' என்னும் தடைப்புரதம் மிகுகின்றது. கியோத்தோவில் தசுக்கு ஹொஞ்ஜோவின் ஆய்வுகூடம் 1992இல் அறிவித்த இப்புரதம், நாட்பட்ட தொற்றில் காவற்கலத்தை முடக்குவது 2006இல் எலிகளில் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆய்வாளர் இந்நிலையைக் களைப்பு என்கின்றனர். அச்சொல் முற்றும் நேரியதன்று. குடலிலிருந்து வாயில் நாளத்தின் வழியே உணவின் கூறுகளும் பற்றீரியங்களின் சிதைவுகளும் இடையறாது ஈரலை வந்தடைகின்றன. இவற்றுக்கெல்லாம் சினங்கொள்ளும் உறுப்பு நிலைத்திராது. பொறுத்தலே ஈரலின் இயல்பு. 1969இல் பன்றிகளுக்கு மாற்றிப் பொருத்தப்பட்ட அந்நிய ஈரல்கள் நிர்ப்பீடனத்தை ஒடுக்கும் மருந்தின்றியே பல வேளைகளில் ஏற்கப்பட்டமை இதற்குச் சான்று. ஈரற்கலங்களிற் பெரும்பாலானவை தொற்றுற்றிருக்கையில் காவலர் முழு வலுவுடன் எழுவாராயின் எஞ்சுவது யாது? களைப்பு எனப்படுவது ஓரளவுக்கு உடன்படிக்கையே.

அவ்வுடன்படிக்கை குலைவதை மருத்துவர் நேரிற் கண்டுள்ளனர். பல்லாண்டுகளுக்கு முன்னர் ஈரலழற்சியிலிருந்து குணமடைந்த ஒருவருக்கு நிணநீர்ப் புற்றுநோய்க்கான மருந்து ஏற்றப்படுகின்றது. கலக்கருவினுள்ளே வளையமாக ஒளிந்திருந்த வைரசின் டி.என்.ஏ., காவல் தளர்ந்ததும் விழித்தெழுகின்றது. நோயாளியோ அப்போது பெரும்பாலும் நலமாகவே தோன்றுவார். சிகிச்சை முடிந்து காவற்கலங்கள் மீளும்போதே ஈரல் தாக்குறுகின்றது, சிலர் இறந்துமுள்ளனர். அத்தகைய மருந்தைத் தொடங்குமுன் குருதியைச் சோதித்து, வேண்டின் வைரசுத் தடுப்பு மருந்தையும் உடன் கொடுப்பது அதனால் வழக்கமாயிற்று.

எனவே, களைத்தவற்றை எழுப்புவோம் என்பது சொல்லுதற்கு எளிதாயினும் அஞ்சி அணுகவேண்டியதொன்று. பீ.டி.-1 தடையை நீக்கும் மருந்தை இந்நோயாளர் சிலரில் பரிசோதித்த சிறு ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. அவர்களுள் ஒருவரின் குருதியிலிருந்து மேலுறைப் புரதம் முற்றாக நீங்கிற்று. அதே வேளையில் அவரது ஈரல் நொதியங்களும் குருதியில் உயர்ந்து, சில வாரங்களிலே தணிந்தன. ஆக்கமும் அழிவும் ஒரே வாயிலால் நுழைந்தன.

ஈரலழற்சி 'சி' இன்னொரு செய்தியைத் தருகின்றது. இன்றைய மருந்துகள் அவ்வைரசைப் பெரும்பாலானோரில் சில மாதங்களுள் உடலிலிருந்து முற்றாக அகற்றிவிடுகின்றன. ஆயினும் அதன் பின்னரும் காவற்கலங்களிலே எப்பரம்பரையலகு திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்னும் ஒழுங்கில் களைப்பின் தழும்பு எஞ்சியிருப்பதை 2021இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பகைவன் போய்விட்டான் என்னும் செய்தி அவற்றைச் சென்றடையவில்லை போலும். அத்தழும்பை அழித்தல் கூடுமா என்பதையே ஆய்வுகூடங்கள் இப்போது தேடுகின்றன.