கண்ணைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, ஒரத்தநாடு பக்கத்து இருவழிச் சாலைகளில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். குண்டும் குழியும்கூட அவர்களுக்கு இரண்டாம்பட்சம்தான். எதிரே வருகிறவன் டிம் பண்ண மாட்டேன் என்கிறான் என்பதுதான் முதல் குறை. எனக்கும் அதுதான். சாலையில் நடக்கிற அத்தனை அராஜகத்திலும் இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

இந்தச் சாலைகளில் பெரும்பாலும் நடுவில் தடுப்பு கிடையாது. தெருவிளக்கு ஊர் வந்தால்தான். எதிரே ஒரு கார் முழு வெளிச்சத்தோடு வரும்போது நம் பக்கத்து இடது ஓரம் அப்படியே மறைந்துபோகிறது. இந்த ஊர்களின் பிழைப்பு நடப்பதே அந்த ஓரத்தில்தான். சம்பா அறுவடை நடக்கிற தை, மாசியில் தார் ரோட்டின் ஒரு பக்கம் நெல் காயும். வண்டி ஏறிவிடக்கூடாதென்று சுற்றிலும் கருங்கல்லும் மரக்கிளையும் போட்டு வைத்திருப்பார்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகும். பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கி, பின்விளக்கு இருந்தாலும் வெளியே தெரியாது. கடையை அடைத்துவிட்டு சைக்கிளில் வீடு திரும்புகிறவர் வெள்ளைச் சட்டைதான் போட்டிருப்பார். எதிர்வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டையும் தெரிவதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. கூசிய கண் தெளிய மூன்று வினாடி ஆகிறதென்றால் 50 மீட்டர் குருட்டு ஓட்டம். வயதானவர்களுக்குக் கண் தெளிய இன்னும் நேரமாகும். அந்த 50 மீட்டருக்குள் யார் இருந்தார் என்பது மோதிய பிறகுதான் தெரியும். மறுநாள் ‘சைக்கிள் மீது கார் மோதி விவசாயி பலி’ என்று பத்திரிகையில் நாலு வரி வரும். எதிரே வந்து கண்ணைக் கட்டிவிட்டுப் போன வண்டி அந்த நாலு வரியில் இருக்காது. அது எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருக்கும். 2023-இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 18,347 பேர். நாடு முழுவதும் அதிக விபத்து நடப்பது மாலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள். அதில் இந்த வெளிச்சத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை, ஏனென்றால் குற்றவாளி சம்பவ இடத்தில் நிற்பதில்லை.

ராத்திரிப் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுநரின் கையைக் கவனித்தால் இந்தச் சண்டை முழுதும் விளங்கும். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் ஒரு தரம் டிம் போட்டுக் காட்டுவார். பதில் இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். அதற்கும் அவன் மசியவில்லையென்றால் இவரும் பிரைட்டைத் திறந்துவிடுவார். “நாம சும்மா இருந்தா அவனுக்கு உறைக்காதுங்க” என்றார் ஒருவர். நாள் முழுக்க ஓட்டி அலுத்த மனிதர், அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நொடியில் பேருந்துக்குள் ஐம்பது பேர். எதிரே வருகிறவனும் குருடு, இவரும் குருடு.

டிம் பண்ணத் தெரியாமல் யாரும் இல்லை. விரல் நுனியில் இருக்கிற சுவிட்ச். பண்ணவேண்டும் என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஓட்டுநர் உரிமத்துக்கு நாம் எட்டுப் போடுகிறோம். பட்டப்பகலில், காலி மைதானத்தில், கால் ஊன்றாமல் எட்டுப் போட்டால் பாஸ். எதிரே இன்னொரு மனிதன் வந்தால் என்ன செய்யவேண்டும் என்பது அந்தப் பரீட்சையில் இல்லை. இருட்டில் ஒரு நிமிடம்கூட ஓட்டிக் காட்டாமல் இந்த நாட்டில் ஆயுசுக்கும் இருட்டில் ஓட்டலாம்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. முகப்பு விளக்கு 8 மீட்டர் தள்ளி இருப்பவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-லேயே சொல்லிவிட்டன. யார் அளக்கிறார்கள்? சொந்தக் காரை வாங்கிப் பதிவு செய்தால் 15 வருடத்துக்குத் தகுதிச் சான்று கேட்பாரில்லை. புகைக்கு மட்டும் சான்றிதழ் வேண்டும், வெளிச்சத்துக்கு வேண்டாம். வண்டியோடு வந்த பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹெட்லைட்டுக்குப் பொருந்தாத வெள்ளை எல்.இ.டி. பல்பை மாட்டித் தருகிற கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பழைய பல்புக்காகச் செய்த கிண்ணத்தில் அதைச் செருகினால் டிம் போட்டாலும் வெளிச்சம் சிதறி எல்லாப் பக்கமும் அடிக்கும். 2017 ஏப்ரலிலிருந்து புது இருசக்கர வண்டிகளுக்கு விளக்கை அணைக்கும் வசதியே கிடையாது. பகலிலும் கண்ணில் படவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பகலெல்லாம் பிரைட்டில் கிடக்கிற விளக்கை இருட்டியதும் இறக்கவேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

2022 அக்டோபரில் தமிழகத்தில் அபராதங்கள் உயர்ந்தன. ஹெல்மெட் போடாவிட்டால் 1000 ரூபாய். நான் அதற்கு எதிரி இல்லை, தலையைக் காக்கிற சட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஹெல்மெட் போடாதவன் பெரும்பாலும் தன் உயிரோடு விளையாடுகிறான். டிம் பண்ணாதவன் முன்பின் தெரியாதவர்களின் உயிரோடு விளையாடுகிறான். முதலாமவனைப் பிடிக்கப் பகலில் முச்சந்திக்கு முச்சந்தி ஆள் நிற்கிறது. இரண்டாமவனுக்காக ராத்திரி எட்டு மணிக்கு ஒரத்தநாட்டு ரோட்டில் யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

அரசுக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. சுங்கம் வசூலிக்கிற நான்குவழிச் சாலைகளில் நடுத்திட்டு நெடுக அரளி வளர்த்திருக்கிறார்கள். எதிர்வெளிச்சத்தை மறைப்பதற்கும் சேர்த்துத்தான் அது. அரளி நட இடமில்லாத சாலைகளில் ஓட்டுகிறவன்தான் அரளியாக இருக்கவேண்டும்.

உரிமத் தேர்வில் ஒரு பகுதியை இருட்டிய பிறகு வையுங்கள். புகைச் சான்று தருகிற இடத்திலேயே விளக்கின் கோணத்தையும் சோதியுங்கள். அதுவரை வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். எதிரே வெளிச்சம் தெரிந்ததும் முதலில் நீங்கள் டிம் பண்ணுங்கள். அவர் பண்ணாவிட்டாலும் பழிக்குப் பழியாகப் பிரைட்டைத் திறக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். அடுத்த முறை வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது ஹெட்லைட் மேலே தூக்கி அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு திருகைத் திருப்புகிற வேலைதான்.