690 மில்லிமீட்டர்

மோட்டார் வாங்கப் போகிறவர்கள் விவரத்தாளில் முதலில் தேடுவது சிசி. அடுத்து குதிரைத்திறன். நான் முதலில் தேடுவது இருக்கை உயரம். நான் 152 சென்டிமீட்டர். என் காலின் உள்பக்க நீளம் ஏறத்தாழ 68. எந்த மோட்டாரில் நான் ஏறலாம், எதைப் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கலாம் என்பதை இந்த இரண்டு எண்கள்தான் பல வருடங்களாக முடிவு செய்து வந்தன.

கிள்ளானில் வளர்ந்தவளுக்கு மோட்டார் புதிதல்ல. தோட்டத்தை விட்டு வந்தபோது அப்பாவிடம் இருந்த பெரிய சொத்து ஒரு கப்சாய். முன்னால் நான், பின்னால் அம்மா, அம்மா மடியில் தம்பி. வேலைக்குப் போகத் தொடங்கியதும் நானும் கப்சாய்தான் ஓட்டினேன். ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் தடத்தில் மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் பாலத்தடியில் ஒதுங்குவோம். எப்போதாவது ஒரு பெரிய மோட்டாரும் வந்து நிற்கும். நான் அதன் பக்கத்தில் போய் நின்று என் இடுப்பையும் அதன் இருக்கையையும் கண்ணாலேயே அளந்துகொள்வேன். வீட்டில் பேச்செடுத்தால் அப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஒனக்கு காலு எட்டாதுமா." அதில் கோபம் இல்லை. கணக்குதான் இருந்தது.

அந்தக் கணக்கை மாற்றியது ஹோண்டா ரெபெல் 500. 471 சிசி, இரட்டை சிலிண்டர், நீரால் குளிரும் என்ஜின். இதே என்ஜின்தான் சிபி500எக்ஸிலும் இருக்கிறது. அதன் இருக்கை உயரம் 830 மில்லிமீட்டர். ரெபெலில் 690. இதயம் ஒன்று, இருக்கைக்கு இடையில் 14 சென்டிமீட்டர் வித்தியாசம். ஒன்றில் என் கால் அந்தரத்தில் தொங்கும். மற்றதில் நான் ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கிக்கொடுக்க, இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படியும்.

எப்படிக் குறைத்தார்கள் என்று பார்த்தால், மறைத்து வைத்த சூத்திரம் எதுவும் இல்லை. டேங்க் முன்பக்கம் தூக்கி நின்று பின்னால் சரிந்து இறங்குகிறது. அது முடியும் பள்ளத்தில், பின் சக்கரத்துக்கு முன்னாலேயே இருக்கை வந்துவிடுகிறது. தொடை படும் இடம் ஒடுங்கியிருக்கிறது. இரண்டு சக்கரமும் 16 அங்குலம், டயர்கள் தடித்தவை. முன் ஃபோர்க் 28 பாகை சாய்ந்து சக்கரத்தை முன்னே தள்ளி வைத்திருப்பதால் நேர்ச்சாலையில் வண்டி தன் போக்கில் அசையாமல் போகும். பார்க்கிங்கில் திருப்பும்போது அதே சாய்வு தோளில் தெரியும்.

இந்த வடிவத்தை 'கஸ்டம்' என்கிறார்கள். முதல்முறை நான் சொன்னபோது அப்பாவுக்கு அது 'கஷ்டம்' என்றுதான் கேட்டது. "என்னா கஷ்டம்?" என்றார். விளக்கிச் சொல்வதற்காகத்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இளைஞர்கள் தங்கள் கனமான மோட்டார்களில் வேண்டாதவற்றைக் கழற்றி எறிந்தார்கள். முன் மட்கார்டை எடுத்தார்கள், பின் மட்கார்டை வெட்டினார்கள். பிறகு சட்டகத்தையே வெட்டி ஒட்டினார்கள். அதுதான் சோப்பர். 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' படம் அந்த உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் படத்தின் மோட்டார்களை உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பின அமெரிக்கர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அந்த மோட்டாரின் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டவர்களில் பலருக்கு அது யார் கைவேலை என்பது பல காலம் தெரியாது.

1971-இல் ஹார்லி-டேவிட்சன் இந்தத் தோற்றத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டு வந்தது. வில்லி ஜி. டேவிட்சன் கனரக மோட்டாரின் உடலில் சிறிய ஸ்போர்ட்ஸ்டரின் முன்பகுதியைப் பொருத்தி 'சூப்பர் கிளைட்' என்று விற்பனைக்கு வைத்தார். 1984-இல் வந்த சாஃப்ட்டெயில் இன்னும் சுவாரசியமானது. பழைய மோட்டார்களில் பின்பக்கம் ஷாக் கிடையாது. சட்டகம் நேராகச் சக்கரம் வரை இறங்கும். பார்க்க அழகு, முதுகுக்குத் தண்டனை. பில் டேவிஸ் என்பவரின் யோசனைப்படி ஷாக்கை கியர் பெட்டிக்கு அடியில் படுக்க வைத்து மறைத்தார்கள். வெளியே பழைய முரட்டுத்தனம், உள்ளே மெத்தை.

ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி அச்செடுத்துவிட்டு அதைக் 'கஸ்டம்' என்று விற்பது வேடிக்கைதான். விளம்பரங்களில் அதன்மேல் சாய்ந்து நிற்பவர்கள் பெரும்பாலும் தாடி வைத்த, தோள் அகன்ற ஆண்கள். ஆனால் அந்த ஆணுக்காகத் தாழ்த்தி வரைந்த கோடு, அவன் கணக்கிலேயே இல்லாத ஒருத்திக்குத் தரையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அவனுக்கு அது தோரணை. எனக்கு அது சிக்னலில் விழாமல் நிற்பது. விவரத்தாள் என்பது இயந்திரத்தின் அளவு மட்டுமல்ல என்று இப்போது நினைக்கிறேன். யாருடைய உடலை மனதில் வைத்து அதைச் செய்தார்கள் என்பதும் அந்த எண்களில் இருக்கிறது. 830 எனும்போது அங்கே நான் இல்லை. 690 எனும்போது, யாரும் கூப்பிடாவிட்டாலும், இருக்கிறேன்.

இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லை. இருக்கையைத் தாழ்த்தினால் சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் குறையும். நம் ஊர் சாலைக் குழிகளை என் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும். வளைவில் அதிகம் சாய்த்தால் கால்வைப்பான் தார்ச்சாலையில் உரசும். எடை ஏறத்தாழ 190 கிலோ. கால் எட்டினாலும் மேட்டில் பின்னுக்குத் தள்ள எனக்கு மூச்சு வாங்கும். 250 சிசிக்கு மேல் ஓட்ட பி2 உரிமம் போதாது என்பதால் மறுபடி வகுப்புக்குப் போய், முழு பி எடுத்து வந்தேன். அங்கே என்னோடு இருந்த பையன்களில் ஒருவன் நல்ல மனதோடுதான் கேட்டான்: "அக்கா, ஸ்கூட்டரே போதும்லா?"

மலேசியாவில் சட்டகத்தை வெட்ட வேண்டுமானால் ஜேபிஜே அனுமதி வேண்டும். அதனால் எங்களுக்குக் கஸ்டம் என்பது ஸ்பேனரால் கழற்ற முடிந்தவற்றோடு நின்றுவிடும். ரெபெலின் பின்னிருக்கை அப்படிக் கழற்றக்கூடியது. எங்கள் போர்மேன் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தங்கச்சி, இந்தப் பின்சீட்ட எடுத்துட்டா செம்மையா இருக்கும். வேண்டாததக் கழட்டுறதுதான் கஸ்டம்."

"வேண்டாததத்தானேண்ணே?"

அவர் சொன்னது சரி. எடுத்துவிட்டால் கோடு முகப்பிலிருந்து பின் சக்கரம் வரை தடையில்லாமல் இறங்கும். படங்களில் பார்த்திருக்கிறேன், அழகுதான். ஆனால் அப்பாவின் முட்டி போன வருடத்திலிருந்து கப்சாயை உதைத்துக் கிளப்ப விடுவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என் பின்னால்தான் வருகிறார். ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். உட்கார்ந்ததும், ஓட்டுவது நான் என்றாலும், ஒவ்வொரு சிக்னலிலும் தன் காலையும் கீழே இறக்கப் பார்க்கிறார்.

"கால மேல வைங்கப்பா. எனக்கு எட்டுது."